பொதுக்குளமும் விளம்பரப் பணமும்

குளமில்லாத ஊரை வன்னியிற் காண்பது அரிது. கனகராயன்குளம், புளியங்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம் என ஊர்ப்பெயர்களே நீரின் பெயர்களாக அமைந்துவிட்டன. குளமென்று முடியாத ஊர்களும் தண்ணீரூற்று என்றோ நெடுங்கேணி என்றோ நீரையே நினைவூட்டி நிற்கின்றன. மழை பெய்வது ஆண்டிற் சில மாதங்களே. எஞ்சிய மாதங்களை வாழ்விப்பது குளத்திலே தேங்கிய நீர். ஆகவே வன்னியின் சரித்திரத்தை எழுதப் புகுபவன், வன்னியர்களின் வீரத்தைப் பற்றி எழுதுமுன், குளக்கட்டை உயர்த்தியது யாருடைய கை, அதனை ஆண்டுதோறும் திருத்தியது யாருடைய செலவு என்ற கேள்விக்கு விடை தேடுதல் வேண்டும்.

மாரி தொடங்குமுன் கட்டிலே முளைத்த பற்றையை வெட்டுதல், கறையான் அரித்த இடத்தில் மண் நிரப்புதல், துருசைத் துப்புரவு செய்தல், வாய்க்காலைத் தூரெடுத்தல் ஆகிய வேலைகளில் ஒவ்வொரு கமக்காரனும் தன் வயலின் பரப்புக்கேற்ற பங்கை ஏற்றான். வட்ட விதானை அதனை மேற்பார்வை செய்தார். பழமையைப் பொற்காலமாக்கிப் பாடுவது நமது நோக்கமன்று. காணி உள்ளவனுக்கே நீரில் உரிமை இருந்தது. காணியற்றவன் கட்டுக்கு மண் சுமந்தும் நீரிற் பங்கின்றி நின்றான். சாதியின் கொடுமை குளக்கரையிலும் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ஆயினும் பொதுச்சொத்தொன்றைப் பயன்படுத்துவோரே அதனைப் பேணுதல் வேண்டும் என்ற விதி அங்கே நிலவியது.

1832-ம் ஆண்டில், கோல்புறூக் விசாரணைக் குழுவின் சிபாரிசின் பேரில், இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் இலங்கையில் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நல்லதே. அதற்காகக் கண்ணீர் வடிப்பவர் முற்போக்காளராக இருத்தல் முடியாது. ஆனால் அதே ஊழியக் கடமையின் ஒரு பகுதியே நாடெங்கும் குளங்களையும் தாங்கி நின்றது. அதை அகற்றிய அரசு அதனிடத்தில் வேறொன்றையும் வைக்கவில்லை. போராலும் மலேரியாவாலும் முன்னரே நலிந்திருந்த வன்னியில், கட்டுடைந்த குளங்கள் காடாயின. தேசாதிபதி ஹென்றி வார்டின் காலத்தில், 1856-ம் ஆண்டில், ஒரு நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. பழைய ஊர் வழக்கங்களுக்குச் சட்ட வலு கொடுத்துக் குளங்களை மீட்க முயன்றது அச்சட்டம். 1895-ம் ஆண்டில் ஜே. பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றிய தம் கைந்நூலை வெளியிட்டபோதும் அழிவின் சுவடுகளே மிகுதியாக இருந்தன. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902-ம் ஆண்டில் தொடங்கி 1921-ம் ஆண்டிலேயே நிறைவெய்தியது. இயற்றுவித்தவன் ஒருவன், பேணுபவன் இன்னொருவன், பயன் கொள்பவன் மூன்றாமவன் என்ற சிக்கல் அன்று முதல் இன்று வரை தொடர்கிறது. 1958-ம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம், பயிர்ச்செய்கைக் குழுக்களின் வழியாக அச்சிக்கலுக்கு ஒரு விடை காண முயன்றது. குத்தகைக் கமக்காரனும் குழுவிலே அமரலாம் என்றது அச்சட்டம். அதற்கு எழுந்த எதிர்ப்பையும் அதன் பின்வந்த முடிவையும் வாசகர் அறிவர்.

கணினி பற்றி எழுத வந்தவன் குளக்கட்டிலே நின்று பேசுவதேன் என்று கேட்கலாம். இன்று வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் பொறியியற் பீடத்திலோ பயிலும் மாணவன் ஒருவன் நாள்தோறும் நீரருந்தும் குளம் ஒன்று உண்டு. அதற்குத் திறந்த மூல மென்பொருள் என்று பெயர். அதன் மூலநிரல் எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்ற உரிமத்தோடு வெளியிடப்பட்டது. றிச்சட் ஸ்டோல்மன் 1983-ம் ஆண்டில் தொடக்கி வைத்த குனூ திட்டமும், லினஸ் தோர்வல்ட்ஸ் 1991-ம் ஆண்டில் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இக்குளத்தின் முதற் கட்டுகள். இன்று உலகின் இணைய வழங்கிகளிற் பெரும்பாலானவை இவ்வகை மென்பொருளாலேயே இயங்குகின்றன. அந்த மாணவன் கையிலுள்ள அன்ட்ராய்ட் தொலைபேசியின் அடியில் ஓடுவதும் லினக்ஸ் கருவே. நீர் இலவசம், கட்டைப் பேணுவது இலவசமன்று.

பேணுவாரில்லாக் கட்டு எவ்வாறு உடையும் என்பதை 2014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் உலகுக்குக் காட்டியது. வங்கிகளும் கடைகளும் அரசாங்கங்களும் தம் இரகசியத் தொடர்புகளைக் காக்கப் பயன்படுத்திய ஓப்பன் எஸ். எஸ். எல். என்னும் திறந்த மூல நிரற்றொகுதியில் பாரதூரமான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. கோடிக்கணக்கான டொலர் வாணிபம் நம்பியிருந்த அத்தொகுதிக்கு அதுவரை ஆண்டொன்றுக்குக் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் மாத்திரமே. ஒரு சிலர் தம் ஓய்வுநேரத்தில் மண் நிரப்பிவந்த கட்டின்மீது உலக முதலாளித்துவம் தன் கனரக வாகனங்களை ஓட்டிக்கொண்டிருந்தது! கட்டு உடைந்த பின்னரே பெரிய கொம்பனிகள் பணப்பையைத் திறந்தன.

ஆகவே, பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. அதற்கு இந்த இருபது ஆண்டுகளிற் கிடைத்த மிகப்பெரிய விடை, விளம்பரம். அந்த விடையின் சரித்திரத்தைச் சற்று விரிவாக நோக்குதல் தகும்.

1998-ம் ஆண்டில் நெற்ஸ்கேப் என்னும் கொம்பனி, மைக்ரோசொவ்றின் போட்டியைத் தாங்கமாட்டாது, தன் இணைய உலாவியின் மூலநிரலைப் பொதுவுக்கு விட்டது. அதிலிருந்து மொசில்லாத் திட்டம் எழுந்தது. நெற்ஸ்கேப்பை விலைக்கு வாங்கிய ஏ. ஓ. எல். கொம்பனி அதிலே அக்கறை இழந்தபோது, 2003-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், 20 இலட்சம் டொலர் சீதனத்தோடு மொசில்லா மன்றம் தனி இலாபநோக்கற்ற தாபனமாகத் தொடங்கப்பட்டது. 2004-ம் ஆண்டு நவம்பர் 9-ம் நாள் பயர்பொக்ஸ் உலாவியின் முதற் பதிப்பு வெளியாயிற்று. அடுத்து நடந்தது சுவையானது. பயர்பொக்ஸின் ஆதரவாளர் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் தம் சட்டைப்பையிலிருந்து பணம் சேர்த்து, 2004-ம் ஆண்டு டிசம்பர் 16-ம் நாள் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையின் இரு பக்கங்களை வாங்கி அதன் வருகையை அறிவித்தனர். பணம் கொடுத்தவர்களின் பெயர்கள் அப்பக்கத்தில் நுண்ணிய எழுத்துகளாய் நிறைந்திருந்தன. பயனர் விளம்பரத்தை விலைகொடுத்து வாங்கிய நாள் அது. பயனரையே விளம்பரக்காரருக்கு விற்கும் ஒழுங்கும் அதே காலத்திற்றான் முளைவிட்டது.

அந்தப் பத்திரிகை வெளியாகிச் சரியாகப் பத்து நாட்களின் பின், டிசம்பர் 26-ம் நாள் காலை, கடல் முல்லைத்தீவின்மீது ஏறி வந்தது. கரையோரக் குடியிருப்புகள் அழிந்தன. தேவாலயமும் பாடசாலையும் வாடியும் வள்ளமும் ஒன்றாய்க் கிடந்தன. இலங்கை முழுவதிலும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். காணாமற் போனவர் யார், முகாமில் இருப்பவர் யார், எந்த முகாமுக்கு எது சென்றது, எது செல்லவில்லை என்ற கணக்கை வைத்துக்கொள்ள நாட்டிலே ஒரு பொறியமைப்பும் இல்லை. கொழும்பிலிருந்த இளம் மென்பொருளாளர் பலர், லங்கா மென்பொருள் மன்றத்தைச் சேர்ந்தோரும் தனியார் கொம்பனிகளின் ஊழியரும், ஊதியமின்றி ஒன்றுகூடிச் சில வாரங்களில் அத்தகைய ஒன்றை ஆக்கினர். சிங்களத்தில் ஆறுதல், நிவாரணம் எனப் பொருள்படும் 'சஹானா' என்பதே அதன் பெயர். அதன் மூலநிரலைத் திறந்துவிட்டமையால் அது இலங்கையோடு நிற்கவில்லை. பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும், பிலிப்பைன்ஸ் மண்சரிவிலும், யோக்யகார்த்தா நிலநடுக்கத்திலும், 2010-ம் ஆண்டில் ஹெயிட்டியிலும் அது பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் மன்றம் சமுதாயப் பயனுக்கான தன் 2006-ம் ஆண்டு விருதை அதற்கே அளித்தது.

சஹானாவின் முதற்கட்டம் இலவச உழைப்பு. இரண்டாம் கட்டத்துக்குச் சுவீடன் அரசின் அபிவிருத்தி ஒத்துழைப்பு முகவரகம் பணம் தந்தது. மூன்றாவதாக ஒரு சிற்றோடையும் வந்து கலந்தது: கூகுள் கொம்பனி 2005-ம் ஆண்டில் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டம். பல்கலைக்கழக மாணவர் விடுமுறைக் காலத்திற் திறந்த மூலத் திட்டமொன்றில் உழைப்பர். கூகுள் அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கும். முதலாண்டில் ஒரு மாணவனுக்கு 4,500 டொலர் கிடைத்தது. இலங்கை மாணவனுக்கு அது பெருந்தொகை. இத்திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில் உலகிலேயே கூடிய மாணவரை அனுப்பிய பல்கலைக்கழகம் அமெரிக்காவில் இல்லை, இந்தியாவிலும் இல்லை. அது நமது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். இதிலே பெருமைப்பட இடமுண்டு. அந்தப் பணம் எதிலிருந்து வந்தது என்றும் கேட்க இடமுண்டு. கூகுளின் தாய்க் கொம்பனி 2024-ம் ஆண்டிற் பெற்ற 35,000 கோடி டொலர் வருமானத்தில் ஏறத்தாழ 26,400 கோடி விளம்பரத்தால் வந்தது. விளம்பரக் கடலிலிருந்து ஒரு கைப்பிடி நீர் மொறட்டுவைக்கு வந்தது என்பதே பொருள்.

மொசில்லாவுக்குத் திரும்புவோம். உலாவியின் மேற்புறத்தில் தேடற்பெட்டி ஒன்று இருக்கிறது. பயனர் எதையேனும் தட்டச்சிட்டால் அது ஒரு தேடுபொறிக்குச் செல்கிறது. எந்தத் தேடுபொறி என்பதை உலாவியை ஆக்கியவர் முன்கூட்டியே அமைத்துவைப்பர். மாற்றிக்கொள்ளும் உரிமை பயனருக்கு உண்டு, பெரும்பாலார் மாற்றுவதில்லை. தேடலின் விடைகளோடு விளம்பரமும் தோன்றும். அதனை ஒருவர் அழுத்தினால் விளம்பரக்காரன் கூகுளுக்குப் பணம் கொடுப்பான். அதில் ஒரு பங்கை, பெட்டியைத் தன் பெயருக்கு அமைத்துத் தந்த உலாவிக்குக் கூகுள் கொடுக்கும். இதுவே விளம்பரக் கூட்டுறவு. உலாவியின் முகத்தில் எந்த விளம்பரமும் ஒட்டப்பட்டிருக்காது. ஆதலால் பலருக்கு இது கண்ணிற் படுவதேயில்லை. குளத்து நீரை எவரும் விலைக்கு விற்கவில்லை; துருசின் திறப்பு மாத்திரம் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

பணம் பெருகிற்று. 2005-ம் ஆண்டில் மொசில்லாவின் வருமானம் 5 கோடியே 29 இலட்சம் டொலர். 2006-ம் ஆண்டில் 6 கோடியே 68 இலட்சம். அதில் ஏறத்தாழ 85 சதவீதம் கூகுளிடமிருந்து வந்தது. அப்பணத்தால் நன்மை விளையவில்லை என்று கூறுவது நன்றிகெட்ட செயல். நூற்றுக்கணக்கான பொறியியலாளர் ஊதியம் பெற்றனர். மைக்ரோசொவ்றின் ஏகபோகம் இணையத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்த காலத்தில் பயர்பொக்ஸ் அந்தப் பிடியைத் தளர்த்திற்று. இணையத்தின் பொது நியமங்கள் உயிர்பெற்றன. யூனிகோட் தமிழ் உலாவியிலே தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கேட்டபோது காது கொடுத்துக் கேட்ட இடங்களுள் அதுவும் ஒன்று.

ஆனால் 2008-ம் ஆண்டு செப்டெம்பரில் கூகுள் தன் சொந்த உலாவியான குரோமை வெளியிட்டது. பணம் கொடுப்பவனே போட்டியாளன் ஆனான். போட்டியாளனாகிய பின்னும் பணம் கொடுப்பதை நிறுத்தவில்லை. 2014-ம் ஆண்டு நவம்பரில் மொசில்லா கூகுளைக் கைவிட்டு யாகூவோடு ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்தது. ஆண்டொன்றுக்கு 37 கோடியே 50 இலட்சம் டொலர். 2017-ம் ஆண்டில் அதனை இடையில் முறித்துக் கூகுளிடமே மீண்டது. 2020-ம் ஆண்டு ஓகஸ்டில் ஏறத்தாழ 250 ஊழியர் வேலை நீக்கப்பட்டனர். 2023-ம் ஆண்டின் கணக்கில் மொத்த வருமானம் 65 கோடியே 30 இலட்சம் டொலர். தேடுபொறி உரிமைப்பணமாக வந்தது அதில் ஏறத்தாழ 49 கோடியே 50 இலட்சம். வருமானம் உயர உயரப் பயனர் தொகை குறைந்துகொண்டே வந்தது. குரோம் உலகின் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டது.

இவ்வுறவின் மெய்யான உருவம் நீதிமன்றத்தில்தான் வெளிப்பட்டது. கூகுள் தேடுதுறையில் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணிவந்தது என அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024-ம் ஆண்டு ஓகஸ்டிற் தீர்ப்பளித்தார். தேடற்பெட்டிகளைத் தன்பாற் கட்டிவைக்க 2021-ம் ஆண்டில் மாத்திரம் அக்கொம்பனி 2,630 கோடி டொலரை அப்பிளுக்கும் பிறருக்கும் கொடுத்ததென வழக்கிலே தெரியவந்தது. அவ்வாண்டில் மொசில்லாவுக்குத் தேடுபொறிகளிடமிருந்து வந்தது ஏறத்தாழ 53 கோடி, அதாவது அத்தொகையின் ஐம்பதில் ஒரு பங்கு. பரிகாரம் என்ன என்று விசாரிக்கும் கட்டத்தில், 2025-ம் ஆண்டு மே மாதம், மொசில்லாவின் நிதி அதிகாரி சாட்சிக் கூண்டில் ஏறினார். தம் வருமானத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் பயர்பொக்ஸால் வருவது, அதில் ஏறத்தாழ 85 சதவீதம் கூகுளால் வருவது, அதனைத் தடுத்தால் தம் தாபனத்தின் வாழ்வே ஆபத்துக்குள்ளாகும் என்றார். ஏகபோகத்தை எதிர்க்கவென்று பிறந்த தாபனம், ஏகபோகி பணம் கொடுப்பதைத் தடுக்க வேண்டாம் என மன்றாட நேர்ந்தது. நிலச்சுவாந்தாரின் வழக்கிலே குத்தகைக்காரன் அவருக்கே சாதகமாகச் சாட்சி சொல்லும் காட்சியை நம் கிராமங்களிற் கண்டவர்க்கு இது புதிதன்று. சாட்சி பொய் சொல்லவில்லை என்பதே இதிலுள்ள கொடுமை.

இவ்விடத்தில் வேறு சில சிறு சம்பவங்களையும் சொல்லிவிடலாம். சரித்திரம் பெரிய தொகைகளில் மாத்திரம் இல்லை. பான்ஷீ என்றொரு இசை இயக்கி இருந்தது. அதன் வழியாக அமேசன் கடையிற் பாட்டு வாங்கினால் தரகுப்பணம் கிடைக்கும். அதனை ஆக்கியோர் அதில் ஒரு சதமும் எடாது முழுவதையும் குனோம் மன்றத்துக்கு வழங்கிவந்தனர். 2011-ம் ஆண்டில் உபுண்டு விநியோகத்தை நடத்தும் கனோனிக்கல் கொம்பனி பான்ஷீயைத் தன் பொதியிற் சேர்த்தபோது, தரகில் 75 சதவீதம் தனக்கு, 25 சதவீதம் குனோமுக்கு என்று விதித்தது. சட்டப்படி அதற்குத் தடையில்லை. மூலநிரலைத் திறந்துவிட்டவன் உழைப்பின் பயனையும் திறந்துவிட்டவனாகிறான்! மறுவருடம் உபுண்டுவின் 12.10 பதிப்பிலே, பயனர் தம் கணினியிலுள்ள கோப்பைத் தேடினாற் கூட அமேசனின் பொருட்கள் விடையாக வந்து நின்றன. ஸ்டோல்மன் அதனை ஒற்றுமென்பொருள் என்றே கண்டித்தார். 2016-ம் ஆண்டுப் பதிப்பிற்றான் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டது. திறந்த மூலத் திட்டங்களின் சந்தையாக விளங்கிய சோர்ஸ்போர்ஜ் தளமோ 2013-ம் ஆண்டில் தரவிறக்கக் கோப்புகளோடு வேண்டாத விளம்பரச் சரக்கையும் கட்டிக்கொடுக்கத் தொடங்கிற்று. கிம்ப் ஓவிய மென்பொருளார் வெறுத்து வெளியேறினர். அவர்கள் வெளியேறிய பின்னும், 2015-ம் ஆண்டில், அவர்களின் பெயரிலேயே சரக்குக் கட்டிய கோப்பு அங்கே வழங்கப்பட்டது. மறு ஆண்டு தளம் கைமாறிய பின்னரே அவ்வழக்கம் ஒழிந்தது.

விளம்பரம் வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே எழுந்து நின்றவர்களும் உண்டு. 2002-ம் ஆண்டு பெப்ரவரியில், விக்கிப்பீடியாவில் விளம்பரம் இடக்கூடும் என்ற பேச்சு எழுந்ததுமே ஸ்பானிய மொழிப் பதிப்பின் உழைப்பாளர் பலர் பிரிந்துசென்று தனிக் கலைக்களஞ்சியம் கண்டனர். நாம் கூலியின்றி எழுதுவது இன்னொருவன் இலாபத்துக்கோ என்பதே அவர்களின் கேள்வி. அந்தப் பிரிவின் அதிர்ச்சியும் சேர்ந்தே விக்கிப்பீடியாவை இலாபநோக்கற்ற மன்றத்தின் கையில் ஒப்படைக்கச் செய்தது. அம்மன்றம் பிறந்த 2003-ம் ஆண்டிலேயே தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கிற்று. அதனைத் தொடக்கத்தில் ஏறத்தாழத் தனியொருவராய்த் தோளிற் சுமந்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். இன்று வரை அதன் ஒரு பக்கத்திலும் வணிக விளம்பரம் இல்லை.

தமிழுக்கும் இவ்விளம்பரப் பணத்துக்கும் உள்ள தொடர்பு விசித்திரமானது. தேடலின் பணமதிப்பு எங்கும் ஒன்றன்று. நியூயோர்க்கில் ஒருவன் காப்புறுதியைத் தேடி ஒரு விளம்பரத்தை அழுத்துவதற்கும், மாங்குளத்தில் ஒரு மாணவி உயர்தரப் பரீட்சை வினாத்தாளைத் தமிழிலே தேடுவதற்கும் இடையே விளம்பரக்காரன் கண்ணில் மலைக்கும் மடுவுக்குமுள்ள வேறுபாடு. தமிழ்ப் பக்கங்களுக்கு விளம்பரம் வழங்கும் தன் சேவையிற் கூகுள் தமிழைச் சேர்த்ததே 2018-ம் ஆண்டிற்றான். அதற்கு முன் இருபது ஆண்டுக் காலம் தமிழின் கணினி வாழ்வு, எழுத்துருவும் விசைப்பலகையும் மொழிபெயர்ப்பும் மின்னூலும், ஏறத்தாழ முழுவதும் கூலியற்ற உழைப்பிலேயே நடந்தது. 1998-ம் ஆண்டின் மதுரைத் திட்டம் அவ்வாறு நடந்தது. முகுந்தராஜ் வெளியிட்ட எ-கலப்பை அவ்வாறு நடந்தது. 2005-ம் ஆண்டில் ஈழத்து நூல்களைக் காக்கத் தொடங்கிய நூலகம் திட்டம், விக்கிப்பீடியாவின் அதே திறந்த மூல மென்பொருளின்மீது, நன்கொடையைக் கொண்டே கட்டப்பட்டது. 2002-ம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் கிளிநொச்சியில் இயங்கிய வன்னிரெக் கணினிப் பயிற்சி நிலையமும் புலம்பெயர்ந்த தமிழ்த் தொழில்நுட்பவியலாளரின் கொடையாலேயே எழுந்தது. போர் மீண்டு வந்தது. 2009-ம் ஆண்டில் கிளிநொச்சியே வெறிச்சோடிக் கிடந்தது. கட்டடமும் கருவியும் எரியலாம். பல நாடுகளின் வழங்கிகளிற் படிசெய்து வைத்த நூல் எரியாது என்பதை, 1981-ம் ஆண்டில் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமுதாயம் எளிதில் விளங்கிக்கொண்டது.

பயர்பொக்ஸ் ஒருகாலத்தில் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பதிப்பொன்றையே வெளியிட்டது என்பது இன்று பலர் அறியாத செய்தி. இந்தியத் தமிழ்ப் பதிப்பு ஒன்று, இலங்கைத் தமிழ்ப் பதிப்பு ஒன்று என இரண்டு பட்டியலில் நின்றன. பதிப்பை உலகெங்கும் அனுப்பும் பொறிகளுக்குரிய செலவு, நியூயோர்க்கிலும் பெர்லினிலும் அழுத்தப்பட்ட விளம்பரங்களிலிருந்து வந்தது. பட்டிகளையும் எச்சரிக்கைகளையும் தமிழாக்கியவர்க்கு அதில் ஒரு சதமுமில்லை. இலங்கைப் பதிப்பு பின்னர் நின்றுபோயிற்று. இதிலே நாம் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். தமிழ்ப் பயனரின் அழுத்தலால் வராத பணம் தமிழுக்கும் சிறிது பயன்பட்டது. ஆகவே விளம்பரப் பணத்தை நச்சுப்பணம் என்று ஒரேயடியாக ஒதுக்குபவர், செல்வந்த நாட்டின் மேலதிகம் ஏழை மொழியொன்றுக்குக் கசிந்த வழியையும் அடைத்துவிடுகிறார். அதேவேளை, கசிவை நம்பிப் பயிர் செய்யும் கமக்காரனின் நிலை நமக்குத் தெரியும். கட்டைத் திருத்தியதும் கசிவு நின்றுவிடும்.

நம் இலக்கியச் சஞ்சிகைகளை நடத்தியவர்களும் இதே இக்கட்டிலேயே வாழ்ந்தனர் என்பதை மறத்தல் ஆகாது. முதலாளித்துவத்தைச் சாடும் கட்டுரையின் எதிர்ப்பக்கத்தில் நகைமாளிகையின் புதுவருட வாழ்த்து அச்சாகியிருப்பதைப் பழைய ஆண்டு மலர்களைப் புரட்டியவர் கண்டிருப்பர். நாம் அதற்காக அச்சஞ்சிகைகளைப் பழிக்கவில்லை. அந்தக் கடைக்காரர் ஒருவரல்லர், பலர். ஒருவர் கோபித்துக்கொண்டால் இன்னொருவரிடம் போகலாம். மொசில்லாவின் நிலை அதுவன்று.

மொசில்லாவின் வீட்டுக்குள்ளேயே இதற்கு மாறான கதையும் நடந்தது. தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் மென்பொருள் பயர்பொக்ஸின் உடன்பிறப்பு. அதிலே தேடற்பெட்டி வியாபாரத்துக்கு இடமில்லை. ஆகவே வருமானமில்லாப் பிள்ளை. 2012-ம் ஆண்டில் மொசில்லா அதற்கான ஊழியரைப் பெருமளவு விலக்கிக்கொண்டது; 2015-ம் ஆண்டில் அதனை வெளியே அனுப்புவது பற்றியும் பேசிற்று. கைவிடப்பட்ட தண்டர்பேர்ட் பயனரிடமே கையேந்திற்று. 2022-ம் ஆண்டில் நன்கொடையாக 64 இலட்சம் டொலரும், 2023-ம் ஆண்டில் 86 இலட்சம் டொலரும் வந்தன. பயர்பொக்ஸின் பணத்தோடு ஒப்பிட்டால் இது சிறுதொகை. ஒரு முழு உலாவியை இத்தொகையால் வளர்க்க முடியாது. ஆனால் எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் அது ஒரே நாளில் நின்றுவிடாது.

அரசு வழி என்று ஒன்றும் உண்டு. கேரளம் தன் பாடசாலைக் கணினிக் கல்வியை 2000-களின் நடுப்பகுதியிலிருந்து கட்டற்ற மென்பொருளின்மேல் அமைத்தது. ஆசிரியர்கள் பயிற்றப்பட்டனர், மலையாள இடைமுகம் வகுப்பறையிற் பயன்பட்டது, பயன்பட்டமையால் திருந்தியது. ஜெர்மனி 2022-ம் ஆண்டில், அடிப்படை மென்பொருட்களைப் பேணுவதற்கென்றே அரசுப் பணத்தில் ஒரு நிதியம் நிறுவியது. இலங்கையில் ஆசிரியர் சங்கங்கள் சம்பளத்துக்காகவும் சீருடைக்காகவும் குரல் எழுப்புகின்றன; அது நியாயமே. பாடசாலைக் கணினிக்கூடத்தில் எந்த மென்பொருள், யாருடைய செலவில் இயங்குகிறது என்ற கேள்வி அவ்வரிசையில் இன்னும் இடம்பெறவில்லை.

2025-ம் ஆண்டு செப்டெம்பர் 2-ம் நாள் நீதிபதி மேத்தா பரிகாரத் தீர்ப்பை வழங்கினார். குரோமை விற்குமாறு அவர் கூகுளைப் பணிக்கவில்லை. தேடற்பெட்டிக்குப் பணம் கொடுப்பதையும் தடுக்கவில்லை. பிறரை முற்றாக விலக்கும் ஒப்பந்தங்களை மாத்திரம் தடுத்தார். பணம் முற்றாக நின்றால் அதைப் பெறும் பங்காளிகள் நொடிந்துபோவர் என்ற வாதம் அவரிடத்தில் எடுபட்டது. மொசில்லாவோ அதற்கு முன்னரே, 2024-ம் ஆண்டு ஜூனில், அனோனிம் என்னும் விளம்பர அளவீட்டுக் கொம்பனியை விலைக்கு வாங்கியிருந்தது. பிறரின் விளம்பரத்தில் தங்கியிராது தானே விளம்பரத் துறையில் இறங்குவது விடுதலையா, வேறொரு விலங்கா என்று அதன் பழைய ஆதரவாளர்களிடையே விவாதம் மூண்டது.

இரணைமடுவிலே சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கருக்கு நீர் திறப்பது, எந்நாளில் திறப்பது என்பதை முடிவுசெய்யப் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடும். அரச அதிபர் தலைமை வகிப்பார். நீர்ப்பாசனப் பொறியியலாளர் நீர்மட்டத்தைச் சொல்வார். கமக்கார அமைப்புகளின் பிரதிநிதிகள் எழுந்து சத்தமிடுவர், சண்டை பிடிப்பர், சில வேளை தோற்றும் போவர். தேடற்பெட்டியின் துருசை யாருக்கு, எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு விடுவது என்று முடிவுசெய்யும் கூட்டங்களில் பயர்பொக்ஸைத் தமிழாக்கியவர்களுக்கு இதுவரை ஆசனம் போடப்படவில்லை.